களத்து மொழியும் கவசத்துக் குரலும்

2022ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாம் திகதி இரவு, வரிப்பத்தான்சேனையில் ஒரு தேநீர்க் கடை வாயிலில் இருபது முப்பது பேர் நெருங்கி நின்று தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தோம். மின்வெட்டும் எரிபொருள் வரிசையும் மக்களை வாட்டிய ஆண்டு அது. நாட்டைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை கேட்க மாட்டோமா என ஏங்கியிருந்த எமக்கு அந்நாளில் எஞ்சியிருந்தது கிரிக்கெட் ஒன்றுதான். துபாயிலே ஆசியக் கிண்ணப் போட்டி. இலங்கைக்கு எதிராகப் பங்களாதேஷ் அணி துடுப்பெடுத்தாடிக்கொண்டிருந்தது. தோற்றவர் வீடு திரும்ப வேண்டும் என்ற நிலை.

இடையிலே படக் கருவி எமது அணியினரின் ஓய்வறைப் பக்கம் திரும்பியது. அங்கே ‘2டி’ என எழுதிய ஒரு குறி தெரிந்தது; சற்று நேரத்தில் ‘டி5’ என மற்றொன்று. பயிற்றுநர் கிறிஸ் சில்வர்வூட் தரப்பிலிருந்து மைதானத்தில் நின்ற அணித் தலைவர் தசுன் சானக்கவுக்குச் சென்ற செய்தி அது. கடையில் நின்ற இளைஞர் ஒருவர் என் பக்கம் திரும்பினார்.

“சேர், அது என்ன கணக்கு?”

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கணிதம் கற்பித்தவன் நான். எனினும் அக்கணக்கு எனக்குத் தெரியவில்லை. “தெரியல்ல மகன். தெரியக் கூடாதென்றுதானே அப்படி எழுதியிருக்கிறார்கள்” என்றேன். கடை முழுவதும் சிரித்தது. அன்றிரவு 184 ஓட்டங்களைத் துரத்தி, நான்கு பந்துகள் எஞ்சியிருக்கையில், இரண்டு விக்கெட்டுகளால் நாம் வென்றோம். பத்து நாட்கள் கழித்துப் பாகிஸ்தானை வீழ்த்திக் கிண்ணத்தையும் கைப்பற்றினோம். ஆனால் அந்த ‘2டி’ மாத்திரம் என்னை விட்டு அகலவில்லை. அதற்கொரு சொந்தக் காரணம் உண்டு. அதைப் பின்னர் கூறுவேன்.

மறைத்துப் பேசும் கலை எம் மண்ணுக்குப் புதிதன்று. நான் சிறுவனாயிருந்த காலத்தில் இறக்காமக் குளத்து நீர் பாயும் வட்டைகளிலே எருமைகளைக் கொண்டு சூடு மிதிப்பார்கள். இரவிரவாக வேலை நடக்கும். களத்துக்குள் கால் வைத்துவிட்டால் வீட்டில் பேசும் மொழி செல்லாது. நெல்லை நெல் என்று சொல்லலாகாது. பொலி என்றே சொல்ல வேண்டும். எருமைக்கும் கடகத்துக்கும் வைக்கோல் கிளறும் கம்புக்கும் வேறு வேறு பெயர்கள். களத்தைச் சுற்றிப் பூதங்கள் காத்திருக்கும், எமது பேச்சு அவற்றுக்கு விளங்கிவிட்டால் விளைந்ததை அள்ளிக்கொண்டு போய்விடும் என்பது முன்னோர் கொண்ட எண்ணம். மட்டக்களப்புத் தமிழ் வேளாண்மைக்காரரிடமும் இவ்வழக்கம் இருந்தது. அயலிலுள்ள சிங்கள வேளாண்மைக்காரருக்கும் களத்துக்கென்று தனியொரு மொழி இருந்தது. ஒருமுறை நான் வாய் தவறி “வாப்பா, நெல்லு கொட்டுண்டு போகுது” என்று கூவிவிட்டேன். என் தந்தையார் ஒன்றும் பேசவில்லை. களத்துக்கு வெளியே போ என்று கையாற் காட்டினார். அந்த இரவு முழுவதும் வாடியிலே தனித்துக் கிடந்தேன்.

விளையாட்டு மைதானத்திலும் இத்தகைய பூதங்கள் உண்டு. எதிரணியின் கண்ணும் காதுமே அவை.

அமெரிக்காவின் வாஷிங்டன் நகரிலே செவிப்புலன் இழந்தோருக்கென அமைந்த கலோடெட் கல்லூரியில், 1890களில் போல் ஹபர்ட் என்றொரு மாணவர் அமெரிக்கக் கால்பந்து அணியை நடத்தினார். அவர்கள் பேசுவது கைச்சைகையால். எதிரே ஆடுவோரும் செவிப்புலன் இழந்தவராயின் அச்சைகையைப் படித்துவிடுவார்களே! ஆகவே அவர் தம் தோழர்களை வட்டமாகக் குனிந்து நிற்கச் செய்து, அவ்வட்டத்துக்குள்ளே தம் கைகளை ஒளித்துத் திட்டத்தைச் சொன்னார். இன்று அந்த ஆட்டத்தில் எல்லா அணிகளும் தலையோடு தலை சேர்த்து வட்டமிட்டு நிற்கும் வழக்கம் அங்கிருந்தே தோன்றியதென அக்கல்லூரியார் பெருமையுடன் கூறுகின்றனர்.

மொழியையே மறைவாகக் கொள்வோரும் உளர். அது எவ்வளவு பலவீனமான வேலி என்பதற்கு 2024 ஒக்டோபரில் பூனா நகரில் நடந்த டெஸ்ட் போட்டி சான்று. விக்கெட் காப்பாளர் ரிஷப் பந்த், தமிழ்நாட்டுப் பந்துவீச்சாளர் வாஷிங்டன் சுந்தருக்கு, பந்தை எங்கே போட வேண்டும் என்று இந்தியிற் சொன்னார். துடுப்பைப் பிடித்து நின்றவர் நியூசிலாந்தின் அஜாஸ் பட்டேல். சொன்ன இடத்திற் பந்து விழுந்தது. அவர் அதனை எல்லைக் கோட்டுக்கு அனுப்பினார். இவருக்கு இந்தி தெரியும் என்று யார் கண்டது என்னும் பொருள்படப் பந்த் அலுத்துக்கொண்டது விக்கெட் ஒலிவாங்கியில் பதிவாயிற்று. அஜாஸ் பட்டேல் பம்பாயிற் பிறந்தவர்.

இவை கண்ணும் காதும் செய்யும் திருட்டு. திருட்டு என்று கூறுவதும் சற்று மிகைதான். எதிரே நிற்பவன் கண்ணைத் திறந்து வைத்திருப்பது குற்றமாகுமா? கருவி வந்து சேர்ந்த பின்னரே கதை மாறிற்று. 1956ஆம் ஆண்டில் கிளீவ்லந்து அணியின் பயிற்றுநர் போல் பிரவுன், தம் வீரர் ஒருவரின் தலைக்கவசத்துக்குள் வானொலிப் பெட்டி ஒன்றைப் பொருத்தி, எல்லைக்கு வெளியே நின்று பேசிப் பார்த்தார். அதே ஆண்டிலேயே அதனைத் தடுத்துவிட்டார்கள். 1999 மே 15ஆம் திகதி இங்கிலாந்தின் ஹோவ் நகரில் உலகக் கிண்ணப் போட்டி. இந்தியாவை எதிர்த்துத் தென்னாபிரிக்கா. தென்னாபிரிக்கத் தலைவர் ஹன்சி குரோன்ஜேயின் காதிலும் பந்துவீச்சாளர் அலன் டொனால்டின் காதிலும் சிறு ஒலிப்பான்கள் இருந்தன. மறுமுனையிலே பயிற்றுநர் பொப் வூல்மர். அதைத் தடுக்கும் விதி அன்று ஏட்டில் இருக்கவில்லை. ஆயினும் போட்டித் தீர்ப்பாளர் தலத் அலி கழற்றச் சொல்லிவிட்டார். பின்னர் தடையும் வந்தது. வூல்மரைத் தந்திரக்காரர் என்று ஏசியவர் பலர். நான் அப்படி எண்ணவில்லை. ஆசிரியனுக்கு வகுப்பறையை விட்டு வெளியே நிற்பது எத்துணைக் கடினம் என்பது ஆசிரியனுக்கே தெரியும். பரீட்சை மண்டபத்துச் சாளரத்துக்கு அப்பால் நின்று, தன் மாணவன் பிழையான கணக்கை எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேதனை அது.

காதுக் கருவி தடையான பின் பலகை வந்தது. 2020 டிசம்பர் முதலாம் திகதி கேப்டவுனிலே இங்கிலாந்தின் ஆய்வாளர் நாதன் லீமன், ஓய்வறை மாடத்தில் எழுத்தும் எண்ணும் கொண்ட அட்டைகளை வைத்துத் தலைவர் இயன் மோர்கனுக்குச் செய்தி அனுப்பினார். ஈராண்டு கழித்து நாம் கண்ட ‘2டி’ அதன் தம்பியே. சில்வர்வூட் இதற்குக் கூறிய விளக்கம் எளிது: எந்தத் துடுப்பாட்டக்காரருக்கு எந்த வேளையில் எவரைப் பந்து வீசச் செய்யலாம் என்பது பற்றித் தலைவருக்கு அனுப்பும் ஆலோசனை மாத்திரமே அது, அவரை ஆட்டுவிப்பதன்று.

ஆலோசனை என்ற இச்சொல்லை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

இக்கலையை உச்சிக்குக் கொண்டு சென்றவர்கள் அமெரிக்கக் கல்லூரிகள்தாம். அவர்கள் கால்பந்து என்று சொல்லும் ஆட்டத்திலே காலைவிடக் கைக்கே வேலை அதிகம். ஒவ்வொரு மோதலுக்கும் இடையில் நாற்பது விநாடி ஓய்வு. அந்த ஓய்விலே அடுத்து ஆடவேண்டிய திட்டத்தைப் பயிற்றுநர் அனுப்புவார்; தொழில்முறை அணிகளுக்கு 1994 முதலே தலைக்கவச வானொலி உண்டெனினும், கல்லூரிகளுக்கு அது இல்லை. ஆகவே எல்லையோரத்தில் மூவர் நால்வர் நின்று கையை ஆட்டுவதும், படங்கள் ஒட்டிய பெரும் பலகைகளைத் தூக்குவதுமாக ஒரு கூத்தே நடக்கும். யாருடைய கை உண்மை, யாருடைய கை பொய் என்பது எதிரிக்குத் தெரியலாகாது.

மைதானத்தில் நின்று அதனைப் படித்தால் குற்றமில்லை. ஆனால் வருங்கால எதிரியின் ஆட்டத்துக்கு முன்கூட்டியே ஆளனுப்பி உளவு பார்ப்பது 1994 முதல் அங்கே தடை. 2023 ஒக்டோபரில் மிச்சிகன் பல்கலைக்கழக அணியின் ஊழியர் ஒருவர் பல மைதானங்களுக்கும் ஆட்களுக்கு நுழைவுச் சீட்டு வாங்கிக் கொடுத்து, எதிரணிப் பயிற்றுநரின் சைகைகளைக் கைப்பேசியிற் படம் பிடிக்கச் செய்தார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. தலைமைப் பயிற்றுநர் ஜிம் ஹார்போ மூன்று ஆட்டங்களுக்கு விலக்கி வைக்கப்பட்டார். அவர் இல்லாமலும் அணி வென்றது. 2024 ஜனவரி 8ஆம் திகதி வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை 34க்கு 13 என வென்று நாட்டின் முதல்வராயிற்று.

இதன் பின்னரே, 2024 ஏப்ரலில், உயர்மட்டக் கல்லூரி அணிகளுக்கும் தலைக்கவச வானொலி அனுமதிக்கப்பட்டது. மைதானத்தில் ஓர் அணிக்கு ஒருவர் காதில் மட்டுமே குரல் கேட்கும். அவரது கவசத்தின் பின்புறம் ஒரு பச்சைப் புள்ளி. கடிகாரத்தில் பதினைந்து விநாடி எஞ்சியதும், அதற்கு முன்னரே பந்து எழுந்தால் அக்கணத்திலும், குரல் அறுந்துவிட வேண்டும். சைகைத் திருடருக்கு முடிவு வந்ததென்று மகிழ்ந்தார்கள். முதற் பருவம் முடியுமுன்னரே, அப்பேச்சு இடையிலே கேட்பவருக்கு விளங்காதவாறு குறியாக்கம் செய்யப்படவில்லை, உரிய கருவி இருந்தால் எவரும் செவிமடுக்கலாம் என்ற செய்தி வெளியாகி, அவசரமாகத் திருத்தம் செய்ய நேர்ந்தது. எம் களத்துப் பூதங்கள் கடல் கடந்து போய் வானொலியும் கற்றுக்கொண்டன போலும்!

எனக்குப் பிடித்தது அந்தப் பதினைந்து விநாடி. கடைசிப் பதினைந்து விநாடியாவது பையன் தன் கண்ணால் பார்த்துத் தன் மூளையால் முடிவு செய்யட்டும் என்று விதி எழுதியவர்கள் விட்டிருக்கிறார்கள். எமது ஊரில் அந்தப் பதினைந்து விநாடியை நான் ஒரு மாணவனுக்குக் கொடுக்கவில்லை.

அதைச் சொல்லுமுன் தரவரிசை பற்றியும் சிறிது கூற வேண்டும். எனது பிழையில் அதற்கும் பங்குண்டு.

அமெரிக்கக் கல்லூரி அணிகள் நூற்றுக்கும் மேல். அனைத்தும் ஒன்றோடொன்று மோத இயலாது. ஆகவே 2014 முதல் பதின்மூவர் கொண்ட ஒரு குழு, டெக்சாஸ் மாநிலத்துக் கிரேப்வைன் நகரில் ஒரு விடுதி அறையிற் கூடி, யார் முதல், யார் இரண்டாவது என வரிசையிடுகிறது. முதல் நால்வருக்கே இறுதிச் சுற்று. 2023இல் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் ஆடிய பதின்மூன்று ஆட்டங்களிலும் வென்றது. ஆயினும் அதன் முதன்மை வீரர் ஜோர்டன் டிராவிஸ் கால் முறிந்து வீழ்ந்திருந்தார். அவரில்லாத அணி முன்போல் வலிமையுள்ளதன்று எனக் குழு கருதியது. ஒரு தோல்வி கண்ட அலபாமாவை நான்காம் இடத்தில் வைத்துப் புளோரிடாவை ஐந்தாமிடத்துக்குத் தள்ளியது. தோற்காத அணி வீட்டுக்குப் போயிற்று. பின்னர் வேறொரு கிண்ண ஆட்டத்தில் அவ்வணி ஜோர்ஜியாவிடம் 63க்கு 3 என உதைபட்டதைக் காட்டி, குழு சொன்னது சரிதானே என்பாரும் உண்டு. மனம் உடைந்து பல வீரர்கள் ஆட வராத ஆட்டம் அது என்பதை அவர்கள் சொல்வதில்லை. 2024 முதல் இடங்களைப் பன்னிரண்டாக்கினார்கள். இப்போது பதின்மூன்றாவதாக வந்தவர் அழுவார்.

நமக்கும் இந்த வலி தெரியாததன்று. ஆசியக் கிண்ணத்தை வென்று ஊர்வலம் வந்த அதே இலங்கை அணி, ஒரு மாதம் கழித்து அவுஸ்திரேலியாவில் நடந்த உலகக் கிண்ணத்திலே நேரடியாகப் பிரதான சுற்றில் ஆட முடியவில்லை. பழைய தரவரிசை அதனை முதற் சுற்றின் வாயிலில் நிறுத்திற்று. அங்கே 2022 ஒக்டோபர் 16ஆம் திகதி ஜீலோங் நகரில் நமீபியாவிடம் 55 ஓட்டங்களாற் தோற்றோம். தேநீர்க் கடையில் அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. எண்ணொன்று எங்கோ ஓரிடத்தில் முன்னரே எழுதப்பட்டுக் கிடக்கிறது. அதனைச் சுமந்துகொண்டே ஆடுகிறார்கள்.

இனி என் கதை.

2016ஆம் ஆண்டு. பாடசாலை மென்பந்து அணிக்கு நானே பொறுப்பாசிரியன். கரையோரத்துப் பட்டினம் ஒன்றின் பெரிய பாடசாலையோடு போட்டி. அவர்களுக்குப் புல் வளர்த்த மைதானம். எங்கள் பிள்ளைகள் வேளாண்மை வெட்டிய வயலில் ஆடிப் பழகியவர்கள். ஆயினும் எனக்கொரு நம்பிக்கை இருந்தது. தோளிலே ஒரு துவாயைப் போட்டுக்கொண்டு நிற்பேன். வலத் தோளில் கிடந்தால் மெதுவான பந்து. இடத் தோளில் கிடந்தால் காலடியில் விழும் பந்து. கையில் எடுத்து முகம் துடைத்தால் மேலெழும் பந்து. வட்டையில் தூரத்து வரம்பிலே நிற்பவனுக்குத் துணி வீசிச் செய்தி சொல்லும் பழக்கத்தில் பிறந்த யோசனை அது. எனக்குள் ஒரு சிறு கர்வமும் இருந்ததென்பதை மறைப்பானேன்?

கடைசி ஓவர். பந்து எங்கள் சிறந்த பந்துவீச்சாளன் கையில். பதினாறு வயது, அதிகம் பேசாதவன். கடைசிப் பந்தில் எதிரணிக்கு மூன்று ஓட்டங்கள் தேவை. நான் துவாயை வலத் தோளுக்கு மாற்றினேன். அவன் ஓடி வரத் தொடங்குமுன் துடுப்பாட்டக்காரன் அரையடி முன்னே வந்து, காத்திருந்து அடிக்கும் பாவனையில் நின்றான். பந்து மெதுவாக வந்தது. அது எங்கே போயிற்றென்று நான் பார்க்கவில்லை. சத்தத்திலேயே தெரிந்தது.

காரணம் பின்னரே விளங்கிற்று. எல்லைக் கோட்டருகே நின்று கூவிக்கொண்டிருந்தவர்களுள் ஒருவர் எங்கள் ஊரில் பிறந்தவர். மணம் முடித்து எம் வழக்கப்படி பெண் வீட்டாரின் ஊரிலே குடியேறியவர். என்னிடமே ஆடக் கற்றவர். துவாயின் இலக்கணம் அவருக்கு மனப்பாடம்! அவரை நான் கோபிக்கவில்லை. கண்ணைத் திறந்து வைத்திருந்தார், அவ்வளவே. வழியிற் கண்டு, “சேர், பதினைஞ்சு வருஷமா அதே துவாயா?” என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது.

ஆனால் பஸ்ஸிலே திரும்பி வரும்போது அந்தப் பையனிடம் கேட்டேன்: “அவன் முன்னுக்கு வந்து நிண்டது உனக்குத் தெரியல்லையா தம்பி?”

“தெரிஞ்ச சேர்.”

“தெரிஞ்சும் ஏன் போட்ட?”

அவன் சாளரத்துக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னான்: “நீங்க சொன்னதப் போட்டு அடி வாங்கினா அது உங்கட பிழ சேர். நான் நினைச்சதப் போட்டு அடி வாங்கினா அது என்ட பிழ. பேர் எழுதுறது நீங்கதானே.”

வலய அணிக்குப் பந்துவீச்சாளர் பெயர்களை நானே வரிசையிட்டு அனுப்ப வேண்டியிருந்த வாரம் அது. மூவருக்கே இடம். அவன் கூறியதைக் கேட்ட பின்பாயினும் நான் திருந்தியிருக்கலாம். செய்யவில்லை. மேசை முன் அமர்ந்து, ஓவர்களையும் கொடுத்த ஓட்டங்களையும் பிரித்துச் சராசரி பார்த்தேன். கணித ஆசிரியன் அல்லவா! அந்தக் கடைசி ஆறு ஓட்டங்கள் அவனை நான்காம் இடத்துக்குத் தள்ளின. எண்ணுக்கு முகமில்லை, ஆகவே அது நியாயமானது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அந்த ஆறு ஓட்டங்கள் என் தோளிலிருந்து பிறந்தவை என்பதை எந்த நிரலில் எழுதுவது? மறுமுறை அவன் பயிற்சிக்கு வரவில்லை. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுத் தந்தையோடு வயலுக்குப் போனான்.

ஆகவேதான் ‘ஆலோசனை’ என்ற சொல்லைக் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. ஆலோசனை கூறுபவரே அணியைத் தெரிவு செய்பவராகவும் இருந்தால், கேட்பவன் காதில் அது எப்படி விழும்? தேசிய அணித் தலைவர் வளர்ந்தவர்; மறுக்கும் துணிவு அவருக்கு இருக்கலாம். பதினாறு வயதுப் பையனுக்கு? கவசத்துக் குரலை எதிரி கேட்காதவாறு பூட்டுவதற்கு அறிஞர்கள் இரவு பகலாக உழைக்கிறார்கள்; நல்லதே. அக்குரலைக் கேட்கும் பிள்ளை, பிழையென்று கண்டால் அதனை மீறலாம், மீறினால் வரிசையில் அவன் இடம் போகாது என்றொரு விதியை எந்த ஏட்டிலும் நான் காணவில்லை.

சென்ற சிறுபோக வெட்டு முடிந்த பின் ஒரு மாலை வட்டைப் பக்கம் நடந்தேன். இப்போது சூடும் இல்லை, எருமையும் இல்லை. வெட்டும் இயந்திரம் ஒரு புறம் கதிரை விழுங்கி மறுபுறம் மணியைக் கொட்டுகிறது. பொலி என்ற சொல் இளைஞருக்குத் தெரியாது. பூதங்களும் எங்கோ போயிருக்க வேண்டும். ஒட்டு நின்ற வயலிலே பெடியன்கள் பந்தாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே அந்தப் பழைய மாணவன். இயந்திரம் ஓட்டிவிட்டு வந்த எண்ணெய்ச் சட்டையோடு பந்து வீசிக்கொண்டிருந்தான். “வாங்க சேர்” என்று முகம் மலர்ந்து அழைத்து, வரம்பிலே ஒரு சாக்கை விரித்துவிட்டுப் போனான்.

வெக்கை தாங்கவில்லை. இடத் தோளிற் கிடந்த துவாயை எடுத்துக் கழுத்தைத் துடைத்து வலத் தோளில் போட்டேன். ஓடி வந்துகொண்டிருந்தவன் பாதியில் நின்றுவிட்டான். பந்து கையிலிருக்க, என்னையே பார்த்தான்.

துவாயைத் தோளிலிருந்து எடுத்து, நாலாக மடித்து, அதன் மேல் அமர்ந்துகொண்டேன். அவன் திரும்பித் தன் ஓட்டத் தொடக்கத்துக்கு நடந்தான்.